புலி அடங்கும்வரை யாரும் பேசக்கூடாது

போன வருடம் அருங்காட்சியகத்தில் எனக்கு நடந்த பிரியாவிடையில் பிரெஞ்சில் பேசினேன். யாரையும் மறக்கமாட்டேன் என்றேன். கேக் நன்றாக இருந்தது என்றேன். இரண்டாவதாகச் சொன்னது பொய். மிச்சத்தைத் தமிழில் எழுதுகிறேன். எங்கள் இயக்குநருக்குத் தெரியாத மொழிகளுக்குள் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இந்த வேலைக்கு இப்போது நம் பிள்ளைகளும் வருகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். பழம்பொருள் சேகரிப்பு, ஆவணக் காப்பகம், கண்காட்சி என்று மொன்றியலில் மூலைக்கு ஒருவராவது இருக்கிறீர்கள். வழக்கமாக ஓய்வு பெற்றவர்கள்தான் இப்படி அறிவுரை எழுதுவார்கள். எனக்கு முப்பத்தொரு வயது. ஒப்பந்த ஊழியர்களுக்கு ஓய்வு சீக்கிரம் வந்துவிடும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான், பல்கலைக்கழகமும் முடித்தேன். இதை எங்கே எழுதினாலும் ஒருமுறை சொல்லிவிடுவது என் வழக்கம், சொல்லியாயிற்று.

பொருளை எப்படித் தூக்குவது, எந்தப் பெட்டியில் வைப்பது என்பதையெல்லாம் உங்களுக்கு வகுப்பில் காட்டுவார்கள். வகுப்பில் இல்லாத ஒன்றைப் பற்றித்தான் இது.

என்னை வேலைக்கு எடுத்ததே தென்சீனாவின் கன்ரோனிய இசை நாடகம் பற்றிய ஒரு திட்டத்துக்காக. நேர்முகத் தேர்வில் இயக்குநர் கேட்டார், "உங்கட நாட்டிலயும் இப்படி ஏதோ இருக்குத்தானே?" இயக்குநரும் மற்றவர்களும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் பேசியதை நான் எங்கள் வீட்டுத் தமிழில் தருகிறேன். அதனால் சிலர் உள்ளதைவிடக் கொஞ்சம் நல்லவர்களாகத் தெரிவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆசியா என்பது ஒரு நாடு, நான் அங்கிருந்து வந்தவள் என்று அவர் நினைத்தார். திருத்தினால் வேலை போய்விடும். "ஓம், கூத்து இருக்கு" என்றேன். வேலை கிடைத்தது.

மொன்றியலின் ஓரத்தில், ரொக்ஸ்பரோவில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். மட்டக்களப்பை விட்டு வந்த நாளிலிருந்து அவர் எதையும் திரும்பிப் பார்த்துப் பெருமூச்சு விட்டதில்லை.

"எங்கட கூத்தையே நாங்க அங்க விட்டுட்டு வந்தம். நீ சீனாக்காரன்ட கூத்தைத் தூக்கிட்டுத் திரியப்போறாயா, மகள்?"

"சம்பளம் தருவாங்கள் அம்மா."

"அப்ப நல்ல கூத்துத்தான்."

கன்ரோனிய நாடகத்தின் பழைய கதையை நான் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் படித்தேன். தென்சீனத்தின் ஆறுகளில், சிவப்புச் சாயம் பூசிய படகுகளில் நாடகக் குழுக்கள் ஊர் ஊராகப் போயின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நடிகர்கள் சிலர் அரசுக்கு எதிரான கிளர்ச்சியில் இறங்கினார்கள். மேடையில் தளபதியாக நடித்துப் பழகியவர்களுக்கு வெளியிலும் தளபதியாக வேண்டும்போல் இருந்திருக்கும். அரசு நாடகத்தையே தடை செய்தது, அவர்களுடைய சங்கக் கட்டிடத்தை இடித்துத் தள்ளியது. மிஞ்சியவர்கள் வேறு பாணி நாடகக்காரர்கள் என்று சொல்லிக்கொண்டு ஆடினார்கள். பிறகு கடல் கடந்தார்கள். கனடாவில் ரயில் பாதை போட்டவர்களுக்கும் சலவைக்கடை வைத்தவர்களுக்கும் பின்னாலேயே உடைப்பெட்டிகளோடு வந்து சேர்ந்தார்கள். ஒரு பேரரசைத் தாண்டிவந்த கலை. எங்கள் அருங்காட்சியகத்தின் செவ்வாய்க்கிழமைக் கூட்டங்களைத் தாண்டுமா என்பதுதான் மிச்சமிருந்த கேள்வி.

அப்படி மொன்றியலுக்கு வந்த குழு ஒன்று விட்டுச்சென்ற பெட்டிகள் சைனாடவுனில் ஒரு பாடகர் சங்கத்திடம் இருந்தன. சங்கம் என்றால் ஒரு கடைக்கு மேலே, மாடியில் நீளமான ஓர் அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பதினைந்து பேர் கூடிப் பாடுவார்கள், பிறகு யார் சுருதி விட்டது என்று சண்டை பிடிப்பார்கள். சங்கத்தின் தலைவி ஒரு பல் வைத்தியர். மேடையில் எப்போதும் இளம் ஆண் வேடம்தான் போடுவார், காதலில் விழுந்த பண்டிதர், வழி தவறிய இளவரசர், இப்படி. அறுபது வயதைத் தாண்டியும் எல்லாக் கதாநாயகிகளும் தன்னைத்தான் காதலிக்க வேண்டும் என்பதில் கண்டிப்பானவர். பெட்டியிலிருந்த அங்கிகளில், சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகள் பதித்த நீலப் பட்டு அங்கி ஒன்றை முக்கியமான நாடகங்களுக்கெல்லாம் அவரே அணிந்தார்.

சங்கம் இருந்த கட்டிடம் விற்பனையாகிவிட்டது. பெட்டிகளுக்கு இடம் வேண்டும். எங்களிடம் இடமும், புதிதாகக் கட்டிய ஒரு சிறிய அரங்கும் இருந்தன. பெட்டிகளைத் தருவதற்குத் தலைவி ஒரு நிபந்தனைதான் வைத்தார். ஒவ்வொரு வருடமும் அந்த அங்கிகள் வெளியே வந்து மேடையேற வேண்டும்.

இங்கேதான் எங்கள் ஆட்களுக்குக் காய்ச்சல் வந்தது. பாதுகாப்பது என்றால் எங்கள் அகராதியில் இருட்டில் படுக்க வைப்பது. பழம்பொருள் பாதுகாப்புப் பிரிவின் பொறுப்பாளர் அந்த நீல அங்கியைப் பார்த்து, கழுத்துப் பட்டியில் இருந்த வியர்வைக் கறையைச் சுட்டிக்காட்டி, "இதை யார் செய்தது?" என்று கேட்டார்.

"நான்தான். சில இடத்தில எனக்கு முதல் போட்டவையும்" என்றார் தலைவி.

பேச்சுவார்த்தைக்காக அங்கி ஒரு கிழமை எங்களிடம் இருந்தது. தலைவி அதைப் பார்க்க வந்தபோது அவருக்கு நீலக் கையுறை ஒரு சோடி நீட்டினார்கள். ஆண்டுக்கணக்காக வெறும் தோளில் போட்டு ஆடிய அங்கியைத் தொட இப்போது ரப்பர் கையுறை வேண்டுமாம். அவர் கையுறையை வாங்கி ஆராய்ந்து பார்த்தார். "எங்கட கிளினிக்கில இதைவிட நல்லது பாவிக்கிறம்" என்றார்.

இன்னொரு சம்பவமும் சொல்ல வேண்டும். பெட்டிகளில் நாடகப் பிரதிகள் இருக்கும் என்று எதிர்பார்த்து ஒரு நிபுணரை ஒட்டாவாவிலிருந்து வரவழைத்தார்கள். பிரதி ஒன்றுகூட இல்லை. ஒரே ஒரு தாள் இருந்தது. இந்தக் காட்சியில் இன்னார் வருவார், இன்னார் அழுவார், இன்னார் சண்டை பிடிப்பார், அவ்வளவுதான். பழைய காலத்தில் அந்தத் தாளை மேடைக்குப் பின்னால் ஒட்டிவிடுவார்கள். நடிகர்கள் அதைப் பார்த்துவிட்டுப் போய், தங்களுக்குத் தெரிந்த பாட்டையும் பேச்சையும் வைத்து அங்கேயே நாடகத்தைக் கட்டுவார்கள். இதையெல்லாம் அந்த நிபுணரே தன் நூல் ஒன்றில் விரிவாக எழுதியிருக்கிறார். ஆனாலும் எங்கள் பதிவு முறையில் "முழுமை" "சிதைவு" என்று இரண்டு கட்டங்கள் மட்டுமே இருந்ததால், "சிதைவு" என்ற கட்டத்தில் அடையாளம் போட்டார். உங்களுக்கு நான் சொல்வது, கட்டம் பொருந்தாவிட்டால் கட்டத்தின்மேல் சந்தேகப்படுங்கள். நான் மூன்றாவதாக ஒரு கட்டம் கேட்டு விண்ணப்பித்தேன். அது பரிசீலனையில் இருக்கிறது. நான் வெளியே வந்துவிட்டேன், அது இன்னும் உள்ளே இருக்கிறது.

தலைவிக்குப் பொறுமை போய்விட்டது. ரொறன்ரோவில் ஒரு சங்கம் பெட்டிகளை வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தது, மேடையேற்றவும் ஒப்புக்கொண்டது. ஆனால் அவருக்கு அங்கிகள் மொன்றியலிலேயே இருக்க வேண்டும். காரணம் எளிது, ரொறன்ரோவுக்குப் போனால் அவற்றை வேறு யாரோ அணிவார்கள்.

அவர் என்னைத் தன் கிளினிக்குக்கு அழைத்தார். பல் பிடுங்கும் நாற்காலியில் என்னை உட்காரவைத்துத்தான் பேசினார். அவருடைய எல்லாப் பேச்சுவார்த்தையும் அந்த நாற்காலியில்தான் நடக்கும் என்று நினைக்கிறேன்.

"உங்கட ஆட்கள் வருஷத்துக்கொருக்கா அங்கியைத் தருவம் எண்டு கையெழுத்து வைப்பினம். பேந்து தரமாட்டினம். எனக்கு அவையைத் தெரியும். அதால ஒரு சோதனை வைக்கப்போறன்."

சோதனை இதுதான். இதுவரை நாடகம் ஆடாத புது மேடையில் ஏறுவதற்கு முன் கன்ரோனிய நாடகக்காரர்கள் வெள்ளைப் புலியை அடக்குவார்கள். மேடையில் பச்சைப் பன்றி இறைச்சித் துண்டு ஒன்றை வைப்பார்கள். புலி வேடக்காரர் அதைத் தேடி வருவார். முகத்தில் கறுப்புப் பூசி, சாட்டையோடு தெய்வ வேடக்காரர் வருவார். சண்டை நடக்கும். கடைசியில் புலியின் வாயில் சங்கிலி மாட்டி, அதன் முதுகில் ஏறி, உள்ளே கொண்டுபோய்விடுவார். பாட்டு இல்லை, வசனம் இல்லை, பறையும் தாளமும் மட்டும். அது முடிந்த பிறகுதான் பார்வையாளர்களை உள்ளே விடுவார்கள். முடியும்வரை மேடைக்குப் பின்னால் இருக்கிற எவரும் ஒரு சொல் பேசக்கூடாது. பேசினால் மேடையின் கேடு முழுவதும் நீங்காமல் நின்றுவிடும், அந்த மேடையில் சங்கம் ஆடாது.

"உங்கட கட்டிடம் ஒரு புலி வந்து போகுமட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்தா, வாக்கையும் காப்பாத்தும் எண்டு நம்புறன். இல்லாட்டி அடுத்த நாள் காலமை பெட்டியெல்லாம் ரொறன்ரோ. லொறிக்குச் சொல்லிப்போட்டன்."

நான் இதை அலுவலகக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னேன். இயக்குநர் நெகிழ்ந்துபோனார்.

"அமைதி! என்ன அழகு! தொடங்க முதல் அமைதியைப் பற்றி நான் ஒரு முன்னுரை சொல்லலாம்தானே?"

"ஏலாது."

"சின்னதா?"

"ஏலாது."

மக்கள் தொடர்புப் பிரிவுப் பெண், மௌனம் சிலரை ஒதுக்கி வைப்பதாகத் தோன்றாதா என்று கேட்டார். எவரை என்று நான் கேட்டேன். பேச விரும்புகிறவர்களை என்றார். ஒலிபெருக்கியில் மௌனத்தை இரண்டு மொழிகளிலும் விளக்கிக்கொண்டே இருக்கலாம் என்பது அவருடைய தீர்வு.

பிறகு இறைச்சிப் பிரச்சினை வந்தது. பச்சை இறைச்சி பூச்சிகளை இழுக்கும், கட்டிடத்துக்குள் வரக்கூடாது என்றார் பாதுகாப்புப் பொறுப்பாளர். இயக்குநர் டோஃபுவைப் பரிந்துரைத்தார். நான் தலைவிக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் பின்னால் ஏதோ ஒரு நோயாளி பயந்திருக்க வேண்டும்.

"புலி டோஃபு சாப்பிடுறதெண்டா அதை ஏன் அடக்கவேணும்? சும்மா விடலாமே."

அன்று மாலை, நாடக நாளுக்கான விருந்தினர் உணவுப் பட்டியலைப் பார்த்தேன். முதல் வரியிலேயே மாட்டிறைச்சி டார்டார் இருந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், அது பச்சை இறைச்சியைக் கொத்திப் பிசைந்து, பிஸ்கட்டின்மேல் வைத்துத் தருவது. இந்த ஊரில் அது நாகரிகம். அடுத்த கூட்டத்தில் பட்டியலை மேசையில் வைத்தேன்.

"அமைச்சிலிருந்து விருந்தினரா வாறவர் பச்சை இறைச்சி சாப்பிடலாம். புலி சாப்பிடக்கூடாது. ஏன் எண்டு மட்டும் கூட்டக் குறிப்பில எழுதுவம்" என்றேன்.

ஒருவரும் எழுத விரும்பவில்லை. உணவு கொண்டுவருபவரின் பட்டியலில் "ஒரு விருந்தினர், பன்றி, சமைக்காதது" என்று சேர்த்துக்கொண்டோம். நான் இறைச்சிக்கு அனுமதி வாங்கிய கதையைக் கேட்டு அம்மா, "பல்கலைக்கழகத்தில இதுக்குத்தான் படிச்சாயோ?" என்றார். ஓம், இதற்கும்தான் படித்தேன்.

மிச்சம் கட்டிடத்தின் வாயை மூடுவது. கட்டிடப் பராமரிப்பில் இருந்தவர் சூசை அண்ணை, மன்னார்க்காரர். எதிலும் நம்பிக்கை இல்லாதவர், ஞாயிறு பூசைக்குத் தவறாதவர். நாங்கள் இருவரும் கட்டிடம் முழுக்க நடந்து பேசக்கூடியதெல்லாம் எது என்று தேடினோம். தளத்தின் பெயரை அறிவிக்கும் லிஃப்டை நிறுத்தினோம். யாராவது நெருங்கினால் "பொன்ஜூர்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லும் வாசல் திரையை அணைத்தோம். தீ எச்சரிக்கை அறிவிப்புகளை மட்டும் சட்டப்படி விட்டுவைத்தோம்.

சூசை அண்ணை கையைத் துடைத்தார். "லிஃப்டின்ர வாயை மூடியாச்சு. கதவின்ர வாயை மூடியாச்சு. உம்மட பெரியவற்ற வாய்க்கு சுவிச் எங்க கிடக்கு, பிள்ளை?"

"அவருக்கு மூண்டு தரம் சொல்லிப்போட்டன், அண்ணை."

"அப்ப மூண்டு தரமும் அவர்தான் கதைச்சிருப்பார்."

சோதனை நாள் வந்தது, ஒரு ஞாயிறு மதியம். மேடைக்குப் பின்னால் சங்கத்தினர் நின்றார்கள். தெய்வம் ஒரு உணவக முதலாளி. புலி ஒரு கணக்காளர், வரி மாதத்தின் நடுவில் வந்திருந்ததால் உண்மையாகவே பசியோடு இருந்தார். தலைவி வேடம் போட்டு, நீல அங்கியை மட்டும் இன்னும் போடாமல் சுவரோடு நின்றார். அங்கி என் பொறுப்பில் மேசையில் கிடந்தது, அதனால் நான் கையுறை போட்டிருந்தேன். புகைப்படக்காரர் ஒருவரை மட்டும், சத்தமில்லாத கமெராவோடு உள்ளே விட்டிருந்தோம்.

பறை தொடங்கியது. அதன்பிறகு ஒரு வாயும் திறக்கவில்லை. அந்த அறையில் சண்டைக்காரச் சங்கத்தினர் அத்தனை பேரும் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது, இந்தச் சடங்கைக் கண்டுபிடித்தவர் ஒரு நாடகக் குழுவை நடத்திக் களைத்தவராகத்தான் இருப்பார் என்று நினைத்தேன். புலி இறைச்சியை மோந்தது. தெய்வம் சாட்டையை உயர்த்தியது.

பின் கதவு திறந்தது.

இயக்குநர். அமைச்சிலிருந்து வந்த விருந்தினரைத் தோளில் கைபோட்டு அழைத்துக்கொண்டு வந்தார். மௌனம் என்பது ஊழியர்களுக்கான விதி என்று அவர் எடுத்துக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது. விதிகளைப் பற்றி அவருக்குப் பொதுவாகவே அந்த எண்ணம்தான். முகம் மலர்ந்திருந்தது. மார்பு விரிந்தது. அவர் மூச்சை இழுக்கும் விதம் எனக்குத் தெரியும், ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் பார்த்திருக்கிறேன். அந்த அளவு மூச்சு "பொன்ஜூர்" என்ற ஒரு சொல்லுக்கு இழுப்பதல்ல, முன்னுரைக்கு இழுப்பது.

எல்லோருடைய கண்களும் அவரில். தலைவி அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

பிள்ளைகளே, நெருக்கடியில் என்ன செய்வது என்று உங்களுக்கு ஒரு கையேடு தருவார்கள். அதன் முதல் வரி, பொறுப்பாளருக்குத் தெரிவிக்கவும். பொறுப்பாளரே நெருக்கடியாக நடந்து வரும்போது என்ன செய்வது என்று அதில் இல்லை. "சத்தம் போடாதேங்கோ" என்று சொன்னால் விதியை உடைத்தது நானாகிவிடும். கை காட்டினால் அவர் அதைக் கையசைப்பு என்று நினைத்துப் பதில் வணக்கம் சொல்வார். என் ஒப்பந்தம் அடுத்த மாதம் புதுப்பிக்கப்பட இருந்தது. இவ்வளவையும் நான் யோசித்தேன் என்று இப்போது எழுதுகிறேன். அப்போது யோசித்ததாக ஞாபகமில்லை.

போய் அவருடைய வாயைப் பொத்தினேன்.

வாய்க்குள்ளே ஒரு முழுச் சொற்பொழிவு முட்டி மோதியதை உள்ளங்கையில் உணர்ந்தேன். அவருடைய கண்கள் உருண்டன. விருந்தினர், பாவம், இதுவும் நிகழ்ச்சியின் பகுதி என்று நினைத்துத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். அவர் நன்றாக வளர்க்கப்பட்ட மனிதர். மேடையில் சங்கிலி பூட்டப்பட்டது. தெய்வம் புலியின் முதுகில் ஏறியது. புலி பின்பக்கமாக நடந்து எங்களைக் கடந்து உள்ளே வந்தது, பல்லிடையில் பன்றி இறைச்சியோடு. கடைசித் தாளம் விழுந்தது.

"இப்ப கதைக்கலாம்" என்றார் தலைவி.

நான் கையை எடுத்தேன். எல்லோரும் இயக்குநரைப் பார்த்தோம். அறை முழுதும் அவருடையது. அவருக்கு ஒரு சொல்லும் வரவில்லை.

தலைவி நீல அங்கியை வெறுங்கையால் எடுத்துப் போட்டுக்கொண்டு மேடைக்குப் போனார். நாடகம் முடிந்து, வேடம் கலைக்காமலே வந்து, இளவரசர் முகத்தோடு பெட்டிகளுக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார். வருடத்துக்கு ஒருமுறை அங்கிகள் மேடையேறும் என்பது அதில் முதல் பந்தி. லொறி ரத்தானது.

மறுநாள் காலையில் மனிதவளப் பிரிவின் அறையில் இயக்குநரும் நானும் எதிரெதிரே உட்கார்ந்தோம்.

"என்னைத் தொட்டிருக்கிறீங்க. அதுவும் முகத்தில."

"கையுறை போட்டுத்தான் தொட்டன். சேகரிப்பில இருக்கிற பொருளை எப்படித் தொடவேணுமோ அப்படி."

இதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று மனிதவளப் பெண்ணின் முகம் சொன்னது. சொன்னதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை. என் வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. ஆண்டறிக்கையில் அந்தப் புகைப்படம் முழுப் பக்கத்துக்கு வந்தது, என் நீலக் கை, அதன் மேலே இரண்டு கண்கள். தொடர்புப் பிரிவு அதற்கு "பண்பாடுகள் உரையாடும் கணம்" என்று தலைப்பு வைத்திருந்தது. அம்மா அதை வெட்டி எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறார். எங்கள் குடும்பத்தில் புத்தகத்தில் படம் வந்த முதல் ஆளும் நான்தான்.

வாக்கை அவர்கள் காப்பாற்றுவார்களா என்ற சந்தேகம் எனக்கு ஒரு வருடம் இருந்தது. சென்ற மாதம் தலைவி டிக்கெட் அனுப்பினார். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தேன். அரங்கு நிறைந்திருந்தது. சூசை அண்ணை ஓரத்திலிருந்து தலையாட்டினார்.

திரை விலகுவதற்கு முன் இயக்குநர் ஒலிவாங்கியோடு மேடைக்கு வந்தார். கையில் தாள்கள், தடிமனான கட்டு. அரங்கைப் பார்த்துப் புன்னகைத்தார், மூச்சை ஆழமாக இழுத்தார். அவருடைய பார்வை முதல் வரிசையைக் கடந்து இரண்டாவதில் என் முகத்தில் வந்து நின்றது. நான் ஒன்றும் செய்யவில்லை. மடியிலிருந்த கையைக்கூட எடுக்கவில்லை.

"பொன்சுவார்" என்று மாலை வணக்கம் மட்டும் சொன்னார். உள்ளே போய்விட்டார்.

பறை முழங்கியது. தலைவி நீல அங்கியில் வந்து நின்று கையை உதற, கண்ணாடித் துண்டுகளின் வெளிச்சம் அரங்கு முழுக்கத் தெறித்தது.